நான்காவது சனிக்கிழமை அசைந்த திருகு

கடைசியில் அசைந்துவிட்டது. நான்கு வாரமாக என்னை ஆட்டிவைத்த இரண்டாவது திருகு, சனிக்கிழமை மதியம் 'டக்' என்று சத்தம் போட்டுக் கால் சுற்றுச் சுற்றியது. தலைதான் ஒடிந்துவிட்டது என்று பயந்து, குனிந்து பார்க்கவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

பொருள், ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆயுதத் தொழிற்சாலையில் செய்த 1907 மாதிரி பயனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. 17 அங்குல அலகு, அடியில் அந்தத் தொழிற்சாலையின் எம்.ஏ முத்திரை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தது. சிட்னியில் ஒரு பழம்பொருள் சந்தையில் வாங்கினேன். முன்பு வைத்திருந்த புண்ணியவான் கைப்பிடிக் கட்டைகளுக்கு மினுமினுவென்று வார்னிஷ் அடித்திருந்தார். திருகுத் தலைகளையும் விட்டுவைக்கவில்லை. பள்ளம் எது, தலை எது என்றே தெரியாத அளவுக்குப் பூச்சு.

முதல் திருகு பத்து நிமிடத்தில் வந்ததுதான் வினையாகிப்போனது. அந்தத் தெம்பில் இரண்டாவதையும் சாதாரணத் திருப்புளியால் திருகப் போய், பள்ளத்தின் ஒரு விளிம்பை மழுக்கிவிட்டேன். கடைத் திருப்புளியின் நுனி ஆப்புபோல் சரிந்திருக்கும். பள்ளத்தின் அடிவரை இறங்காமல் மேல் விளிம்பை மட்டும் பிடிக்கும். அழுத்தினால் ஏறி வழுக்கும், வழுக்கினால் மரத்தில் கோடு. இதற்கு இரண்டு பக்கமும் இணையாக, பள்ளத்துக்குள் ஆடாமல் உட்காரும் நுனி வேண்டும்.

அகலமான மலிவுத் திருப்புளி ஒன்றை வாங்கிப் பிடிசிராவியில் மாட்டி, அரத்தால் ராவினேன். நான்கு இழுப்பு, பள்ளத்தில் வைத்துப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. கிரைண்டர் வைத்திருப்பவர்கள் சிரிக்கலாம்; ஆனால் அதில் நுனி சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். ஒன்றரை மணி நேர ராவலுக்குப் பிறகு, கையை எடுத்தாலும் திருப்புளி பள்ளத்தில் தானாக நின்றது. அன்றைக்கு அதுவே போதும் என்று எழுந்துவிட்டேன்.

அப்படியும் அசையவில்லை. மறுபக்கம் நட்டுக்கு வெளியே தெரியும் திருகின் முனையை யாரோ உளியால் தட்டி விரித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். விரிந்த அந்த முனையை ஊசி அரத்தால் தேய்த்தெடுத்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு வாரம் வைத்தேன். பிறகு பற்றவைக்கும் சால்டரிங் இரும்பைத் திருகுத் தலையில் ஐந்து நிமிடம் ஊன்றினேன். சூடு திருகோடு நிற்கும், மரம் கருகாது. ஆறியதும் திருப்புளியின் தண்டை நிற்கும் டிரில் மெஷினில் மாட்டி, மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நெம்புகோலால் கீழே அழுத்திக்கொண்டே மெஷினின் பிடிதலையைக் கையால் திருகினேன். அப்போது வந்ததுதான் அந்த 'டக்'.

கட்டைகளுக்கு அடியில் எதிர்பார்த்ததைவிடத் துரு குறைவு. எண்ணெய் தொட்ட மெல்லிய எஃகுப் பஞ்சால் தேய்த்ததும் போனது. அலகில் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன்.

மரம் கோச்வுட், நியூ சவுத் வேல்ஸ் காடுகளின் இளஞ்சிவப்புக் கட்டை. வார்னிஷை அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைக்கத் துடைக்க, உள்ளிருந்து 'ஸ்லாஸ்' என்று குத்திய எழுத்துகள் எழுந்தன. டென்னிஸ் மட்டைக்குப் பெயர்போன ஸ்லாசெஞ்சர் நிறுவனம் போர்க்காலத்தில் துப்பாக்கிக்கு மரவேலை செய்ததன் அடையாளம். இனி உப்புத்தாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. நசுங்கிய இடங்களில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஆவி கொடுத்தேன். நார் உப்பிப் பள்ளம் மேலே வந்துவிடும். முத்திரையும் அப்படி நசுங்கிய நார்தானே! ஆவி பட்டால் அதுவும் எழுந்து மங்கிவிடும். அதனால் எழுத்துகளுக்கு ஒரு விரற்கடை தூரத்திலேயே நிறுத்திக்கொண்டேன். அங்கே ஒரு வடு மிச்சம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

மழுங்கிய திருகுக்குப் பதிலாக இணையத்தில் ஒருவரிடம் ஜோடி வரவழைத்தேன். 'அசல்' என்றார், மரை இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. பணத்தைத் திருப்பித் தர மூன்று கடிதம். பழைய திருகின் தலையையே லேசாக ராவி மறுபடி போடப்போகிறேன்.

இதற்கிடையில் உறையின் தோலும் வாய்ப் பக்கம் தையல் விட்டிருக்கிறது. மெழுகு நூல் வாங்கியாயிற்று. அலகை 12 அங்குலமாகக் குறைத்த, வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் பயனெட் ஒன்றின் மீதும் கண் இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிய பழுப்புக் கறைக்கே பதில் சொல்லி முடியவில்லை.

இப்போது ஆளிவிதை எண்ணெய் மூன்றாம் பூச்சு. இரண்டு சொட்டை விரலால் சூடு பறக்கத் தேய்த்து, அரை மணியில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள். காய்கையில் தானே சூடேறித் தீப்பிடிக்கும். நான் வெளிக்கொடியில் விரித்துப் போடுகிறேன். இடக்கட்டை வலதைவிட ஒரு சாயல் கருத்து நிற்கிறது. நான்காம் பூச்சை வலதுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கிறேன்.