கடைமடைக்காரன் கண்ட ஃபிளாண்டர்ஸ்: சைக்கிள், பியர், கொஞ்சம் உப்புத் தண்ணீர்

பெல்ஜியம் என்றால் நம்மவர்களுக்கு பிரஸ்ஸல்ஸில் அந்த ஒண்ணுக்குப் போகும் பையன் சிலை, ப்ரூஜில் படகுச் சவாரி, பை நிறைய சாக்லேட், அப்புறம் பாரிஸுக்கு ரயில். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சைக்கிள் மிதிக்கப் பிடிக்கும், பியரும் குடிப்பேன் என்கிற ஆளாக இருந்தால் நாட்டின் மேற்கு மூலைக்குப் போங்கள். பெல்ஜியத்தின் வடபாதியான ஃபிளாண்டர்ஸில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய வெஸ்ட்ஹுக் பகுதி அது. அரண்மனை, அருவி என்று பார்க்க எதுவும் கிடையாது. உருளைக்கிழங்கு வயல், மாடு, வாய்க்கால், செங்கல் வீடு, ஊருக்கு ஒரு தேவாலயக் கோபுரம், கோபுரத்துக்கு எதிரிலேயே ஒரு பியர் கடை, அவ்வளவுதான். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சமதரையைப் பார்த்ததும் வெளிநாடு வந்த எண்ணமே வரவில்லை, குளிர்தான் அவ்வப்போது ஞாபகப்படுத்தியது.

சித்தப்பா மகன் கென்ட் நகரத்தில் வேலை பார்க்கிறான். சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்து, மேட்டூரைத் திறக்கும் ஜூன் 12க்கு முன்னால் எங்களுக்கு ஒரு ஓய்வு கிடைக்குமே, அந்த மே மாதத்தில் போனேன். கென்ட்டிலிருந்து கோர்ட்ரெய்க் வழியாகப் போகிற ரயில் போபரிங்க என்ற சிறு நகரத்தில் முடிகிறது, அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. அங்கே வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டோம். நான் போனில் வரைபடத்தைத் திறந்ததும் அவன், "அண்ணே, அதை உள்ள வைங்க, இங்க நம்பரைப் பாத்துப் போனாப் போதும்" என்றான்.

அந்த நம்பர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சைக்கிள் பாதைகள் சந்திக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். அங்கே ஒரு சின்னப் பலகை, அதில் அடுத்தடுத்த சந்திப்புகளின் எண்ணும் அம்புக்குறியும். காலையில் நாலைந்து எண்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் அன்றைய வழி முடிந்தது. நடுவில் மனசு மாறினால் வேறு எண்ணுக்குத் திரும்பிக்கொள்ளலாம். இதை யோசித்தவர் ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர். சுரங்கத்துக்குள் பாதைகள் பிரியும் இடங்களுக்கு எண் போடும் பழக்கத்திலிருந்து எடுத்தது என்பார்கள். 1995இல் நிலக்கரிப் பகுதியான லிம்பர்க் மாகாணத்தில் தொடங்கி, பிறகு ஃபிளாண்டர்ஸ் முழுக்கவும் பக்கத்து நெதர்லாந்திலும் பரவிவிட்டது. பெரிய செலவும் இல்லை, பலகையும் கம்பமும்தான். நம் டெல்டாவில் கோரையாறு, பாமணியாறு, முள்ளியாறு, அரிச்சந்திரா நதி என்று எத்தனை கரை இருக்கிறது, ஒவ்வொரு ஷட்டருக்கும் ஒரு எண் போட்டால் கல்லணையிலிருந்து கோடியக்கரை வரை வழி கேட்காமல் வந்துவிடலாமே என்று எனக்கு அங்கேயே ஆசை வந்தது. சொன்னேன். "முதல்ல கரையில இருக்கிற கருவேல முள்ள வெட்டச் சொல்லுங்கண்ணே" என்றான். அதுவும் சரிதான், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் டியூப் போய்விடும்.

பாதைகள் பெரும்பாலும் வயலுக்கு நடுவே போகிற ஒற்றைக் கான்கிரீட் சாலைகள். கார் எப்போதாவது வரும், டிராக்டர் அடிக்கடி வரும், அதுவும் நம் ஊர் நெல் அறுக்கும் மெஷின் அளவுக்கு. மேடு வேண்டும் என்பவர்களுக்கு கெம்மல்பெர்க் இருக்கிறது, உயரம் 156 மீட்டர்தான், ஆனால் கல் பாவிய செங்குத்துப் பாதை. கென்ட்–வேவல்கெம் என்று பல வருடம் பெயர் பெற்றிருந்த சைக்கிள் பந்தயத்தில் பெரிய வீரர்களே பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிற இடம். நான் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். எனக்கு எதிரி அந்தக் குன்று அல்ல, காற்று. வடகடலிலிருந்து தடுக்க ஒரு மரம் இல்லாமல் வருகிறது. ஆடிக் காற்றில் வேளாங்கண்ணிக்கு நடந்தவர்களுக்கு அது என்னவென்று புரியும். காலையில் தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றில் போய்விட்டு, குடித்த பிறகு காற்று முதுகில் தள்ள வீடு திரும்புகிற மாதிரி வழியைப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, பன்றிப் பண்ணைகள். மே மாதம் வயலுக்கு அந்த எரு விடுகிற காலம், சில இடங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் ஓட்ட வேண்டியிருந்தது, எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

போபரிங்கவைச் சுற்றி ஹாப் தோட்டங்கள். பியருக்குக் கசப்பும் வாசனையும் தருவது இந்தக் கொடியின் பூதான். ஆறேழு மீட்டர் உயரக் கம்பங்கள், மேலே கம்பி வலை, அதிலிருந்து தரைக்குக் கட்டிய இழைகளில் கொடி சுற்றி ஏறுகிறது. பார்த்தவுடன் ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால் மாதிரியே இருந்தது, அகத்திக்குப் பதில் கம்பம். ஆனால் வெற்றிலையைக் கிள்ள இன்னும் கைதான், ஹாப் கொடியை வெட்டிக் கொண்டுபோய் மெஷினில் கொடுத்துப் பூவை உதிர்த்துவிடுகிறார்கள். அதுவும் பெண்செடியின் பூ மட்டும்தான் வேண்டும். பனிக்காலத்தில் கொடி மொத்தமாகக் காய்ந்து போய், வசந்தத்தில் வேர்க்கட்டையிலிருந்து மறுபடி கிளம்பும். அப்போது வரும் இளந்தளிரைப் பறித்து வெண்ணெய் போட்டுச் சமைக்கிறார்கள், விலை கேட்டால் தலை சுற்றும். ஊருக்குள் ஒரு காலத்தில் ஹாப் எடைபோட்டு முத்திரை குத்திய பழைய கட்டடம் இப்போது ஹாப் அருங்காட்சியகம். விவசாயம் தெரிந்தவர்கள் அதைத் தவற விட வேண்டாம்.

சரி, பியர். எல்லோரும் தேடிப் போவது வெஸ்ட்ஃப்ளெட்டரன் கிராமத்து சின்ட் சிக்ஸ்டஸ் மடத்துக்கு. 1831இல் தொடங்கிய மடம், துறவிகள் மடத்துக்குள்ளேயே பியர் காய்ச்சுகிறார்கள். பியருக்கு டிராப்பிஸ்ட் என்று அந்தத் துறவிகளின் சபைப் பெயரைப் போட வேண்டுமென்றால் மடத்துச் சுவருக்குள், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும், வருமானம் மடத்தின் செலவுக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். 2005இல் பியர் ரசிகர்களின் இணையதளம் ஒன்று அவர்களுடைய '12' என்ற பியரை உலகத்தின் சிறந்த பியர் என்று அறிவித்துவிட, மடத்து வாசலில் கார் வரிசை நின்றது. நம் ஊராக இருந்தால் அடுத்த வருடமே மூன்று கிளை திறந்து டீலர்ஷிப் கொடுத்திருப்போம். அவர்கள் உற்பத்தியைக் கூட்டவே இல்லை. பல வருடம் கார் நம்பரைச் சொல்லி முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் பெட்டி கிடைத்தது. வாழ்வதற்குத் தேவையான அளவு விற்கிறோம், அதற்கு மேல் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. சைக்கிளில் வருகிறவர்களுக்கு எதிரிலேயே இன் டே ஃப்ரேடே என்ற கஃபே இருக்கிறது, பதிவு எதுவும் வேண்டாம், உட்கார்ந்து கேட்டால் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

என் நாக்குக்கு அந்தப் புகழ்பெற்ற 12 கொஞ்சம் கனம். 10.2 சதவீதம், கருப்பட்டிப் பாகும் உலர்ந்த பழமும் சேர்ந்த மாதிரி ஒரு அடர்த்தி, மத்தியான வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவனுக்கு அது ஆகாது. அவர்களுடைய 5.8 சதவீத பொன்னிற பியர்தான் எனக்குப் பிடித்தது, நல்ல ஹாப் கசப்பு, ஒரு கோப்பையோடு எழுந்து போகலாம். 12தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் வாட்டூ கிராமத்துக்குப் போங்கள். அங்கே உள்ள சின்ட் பெர்னார்டஸ் ஆலைதான் 1946 முதல் 1992 வரை மடத்துக்காக உரிமம் வாங்கி அந்த பியரைக் காய்ச்சிக்கொடுத்தது. உரிமம் முடிந்த பிறகு சொந்தப் பெயரில் தொடர்கிறார்கள். அவர்களுடைய ஆப்ட் 12க்கும் மடத்துப் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என்னைவிட நல்ல நாக்கு வேண்டும், வரிசையும் முன்பதிவும் கிடையாது.

அங்கே குடிக்கிற விதம்தான் எனக்கு அதிகம் பிடித்தது. ஒவ்வொரு பியருக்கும் அதற்கென்று ஒரு கோப்பை. கூடவே கடுகுச் சாந்தோடு பாலாடைக்கட்டித் துண்டுகள். பக்கத்து மேஜையில் எழுபது வயதுத் தம்பதி, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆளுக்கு ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பெல்ஜிய பியர் பண்பாட்டை யுனெஸ்கோ 2016இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் பக்கம் வேதாரண்யம் வரை பனை நிற்கிறது, கள் 1987 முதல் தடை. கள் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் ஊரில் விளைந்ததை ஊருக்கு நடுவில் பெண்டாட்டியோடு உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கிறவனுக்கும், எங்கோ காய்ச்சியதை நின்ற வாக்கில் பிளாஸ்டிக் கிளாஸில் ஊற்றி ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுத் திருட்டுத்தனமாக வீட்டுக்குப் போகிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மற்றபடி அவர்களும் புனிதர்கள் இல்லை. குடித்துவிட்டு ஓட்டக்கூடாது என்ற சட்டம் அங்கே சைக்கிளுக்கும் உண்டு, கார் ஓட்டுபவருக்கு உள்ள அதே வரம்பு, ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால்.

நான் அங்கே அதிக நேரம் நின்ற இடம் பியர் கடை அல்ல, நியூபோர்ட் மதகு. ஈசர் ஆறும் கால்வாய்களுமாக ஆறு நீர்வழிகள் கடலுக்குப் போகும் முன் ஒரே இடத்தில் கூடுகின்றன, எல்லாவற்றுக்கும் ஷட்டர். கடல் வடியும்போது திறந்து வயல் தண்ணீரை வெளியே விட வேண்டும், ஓதம் ஏறும்போது அடைத்து உப்பு உள்ளே வராமல் காக்க வேண்டும். எங்கள் கடைமடை இயக்கு அணைகளில் செய்கிற அதே வேலை. முதல் உலகப் போரில், 1914 அக்டோபர் கடைசியில் ஜெர்மன் படை நெருங்கியபோது பெல்ஜியர்கள் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். ஓதம் ஏறும் நேரத்தில் ராத்திரியில் ஷட்டரைத் திறந்து, வடியும்போது அடைத்தார்கள். மதகும் ஓதமும் அத்துப்படியான உள்ளூர் ஆட்கள்தான் வழி சொன்னது. அதில் ஹென்ட்ரிக் ஹீரார்ட் என்ற படகுக்காரரின் பெயர் இன்றும் அங்கே பெரிது. நியூபோர்ட்டுக்கும் டிக்ஸ்மாய்டேக்கும் இடையிலான ரயில் மேட்டின் அடியில் இருந்த குழாய்களை அடைத்துவிட்டதால், அந்த மேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே வயலெல்லாம் கடல் ஆனது. ஜெர்மன் படை அதைத் தாண்டவில்லை. போர் முடிகிற வரை நான்கு வருடம் அந்த நிலம் உப்புத் தண்ணீரில் கிடந்தது. நாடு பிழைத்தது, சரி, 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் மண்ணிலிருந்து உப்பைக் கழுவிய பாட்டைப் பார்த்தவனுக்கு முதலில் அந்த விவசாயிகள் ஞாபகம்தான் வருகிறது. அந்த ரயில் மேடு இப்போது சைக்கிள் பாதை. கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது, ஒரு பக்கம் மாடு மேய்கிறது, நடுநடுவே கான்கிரீட் பதுங்குகுழி.

பக்கத்து நகரமான ஈப்பர் பக்கம் போனால் இரவு 8 மணிக்கு அந்தப் போரின் நினைவு வளைவான மெனின் வாயிலில் நில்லுங்கள். தினமும் பியூகிள் ஊதுகிறார்கள். உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் சுவர் முழுக்க, அதில் நம் நாட்டு சிப்பாய்களும் இருக்கிறார்கள். 1914இல் மார்செய் துறைமுகத்தில் இறக்கி, குளிர் உடுப்புகூடச் சரியாக இல்லாமல் இங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர்கள்.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். கிராமத்துக் கஃபேக்களுக்கு வாரத்தில் விடுமுறை நாட்கள் உண்டு, அது ஊருக்கு ஊர் மாறும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு திரும்ப வேண்டியதுதான். சைவக்காரர்கள் உருளைக்கிழங்கு வறுவலை நம்பி இருந்துவிட வேண்டாம், பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அமைதி எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஒரு ஊரை முழுக்கக் கடந்தும் வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க மாட்டார். எங்கள் ஊரில் அந்நியன் ஒருவன் சைக்கிளில் வந்தால் தெரு திரும்புவதற்குள் "தம்பி யார் வூட்டுக்கு?" என்று மூன்று பேர் கேட்டிருப்பார்கள்.

ஹாப் அறுவடை ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. அப்போது போனால் ஊரே அந்த வாசனையில் இருக்கும் என்றான் தம்பி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை செப்டம்பரில் போபரிங்கவில் ஹாப் திருவிழாவும் உண்டு. எங்களுக்கு அது சம்பா நேரடி விதைப்புச் சமயம், டிராக்டர் கிடைக்கிற அன்று உழுதாக வேண்டும், அதனால் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நிலம் நீச்சு இல்லாதவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.