அப்பார்க் போனால் முதலில் கீழ்த்தளத்துக்குப் போங்கள்

முதலில் டாக்ஸிக் கதையைக் கொட்டிவிடுகிறேன். லண்டன் வாட்டர்லூவில் ரயிலேறி பீட்டர்ஸ்ஃபீல்டில் இறங்கினால், அடுத்த பேருந்துக்கு வெகுநேரம் இருந்தது. ஸ்டேஷன் வாசலில் நின்ற டாக்ஸிக்காரர் 30 பவுண்டு கேட்டார். பத்து கிலோமீட்டர் அளவு தூரத்துக்கு இது அநியாயம்! எவ்வளவு பேரம் பேசியும் மசியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசு அதிலேயே போயிற்று. கொதித்துக்கொண்டேதான் அப்பார்க் மாளிகைக்குள் நுழைந்தேன். அங்கே இருந்த சுரங்கப்பாதை டாக்ஸிக்காரரை மறக்கடித்துவிட்டது.

மேற்கு சசெக்ஸில், சவுத் டவுன்ஸ் குன்றின்மேல் நிற்கும் 17ஆம் நூற்றாண்டு மாளிகை இது. 19ஆம் நூற்றாண்டில் சமையல்கட்டைத் தள்ளி, தனிக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து மாளிகையின் அடித்தளத்துக்கு மண்ணுக்கடியில் பாதை. வேலையாட்கள் தட்டுகளோடு இதற்குள் ஓடி ஓடித்தான் எஜமானர்களின் மேசைக்குச் சாப்பாடு போயிருக்கிறது. புல்வெளியில் அவர்கள் நடமாடுவது ஜன்னல் வழியே கண்ணில் படக் கூடாதாம். ஆக்கிப் போட ஆள் வேண்டும், அந்த ஆளின் முகம் மட்டும் வேண்டாமா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் காலத்து இங்கிலாந்து மாளிகைகளில் வேலைக்காரப் பெண்ணின் நாள் விடியுமுன்பே தொடங்கிவிடும். கணப்புச் சாம்பலை அள்ளி, அதன் இரும்புக்குக் கறுப்பு மெருகு தேய்த்து, தீ மூட்டி, வெந்நீரை மாடிக்குச் சுமந்து, இரவில் படுக்கையறையில் சிறுநீர் கழிக்க வைத்திருந்த பாத்திரங்களைக் கொட்டிக் கழுவ வேண்டும். காலையில் போடும் பருத்தி உடுப்பையும் பெரும்பாலும் அவள்தான் சொந்தக் காசில் வாங்க வேண்டும். 1911 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸில் இப்படி வீட்டுவேலை செய்த பெண்கள் 12 லட்சத்துக்கும் மேல்.

அப்பார்க்கில் என்னை உலுக்கியது சாரா வெல்ஸின் கதை. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸின் அம்மா. 1880 முதல் 1893 வரை இங்கே ஹவுஸ்கீப்பர், அதாவது வேலைக்காரப் பெண்களுக்கெல்லாம் தலைவி. இளவயதில் இதே வீட்டில் பிரான்சிஸ் புல்லக் என்ற பெண்ணுக்குப் பணிப்பெண்ணாக இருந்தவர். காது மந்தமாகி, எழுபதைத் தாண்டிய நிலையில் வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அனுப்பிய எஜமானி யார் தெரியுமா? அதே பிரான்சிஸ்தான். அவருடைய அக்கா மேரி ஆன், இந்த மாளிகையின் பால் அறையில் வேலை பார்த்தவர். மாளிகையின் சொந்தக்காரர், எழுபது வயதுப் பிரபு சர் ஹாரி 1825இல் அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். சொத்து முழுக்க மேரி ஆனுக்கு வந்து, பிறகு தங்கைக்குப் போனது. வேலைக்காரியின் தங்கை எஜமானியான பிறகும் ஒரு வயதான வேலைக்காரிக்கு இதுதான் கதி!

1989 ஆகஸ்டில் தீப்பிடித்து மேல்தளங்கள் எரிந்துபோய், பழுது பார்த்து 1995இல் மறுபடி திறந்தார்கள். தங்க முலாம் அறைகளில் கூட்டம் மொய்க்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. நேரம் குறைவென்றால் அவற்றை விட்டுவிடுங்கள்.

பசிக்கு ஸ்கோன் என்ற சிறு பன் ஒன்றும் டீயும். சூடான ஸ்கோன், மேலே கெட்டி க்ரீம், ஸ்ட்ராபெர்ரி ஜாம்! கொடுத்த ஒவ்வொரு பென்னிக்கும் தகும். திரும்பும்போது பேருந்தில்தான் வந்தேன், சில பவுண்டுகளோடு முடிந்தது. பேருந்துகள் குறைவு, ஆகவே நேர அட்டவணையை முதல்நாளே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். டாக்ஸி வேண்டவே வேண்டாம்.