கிளையின் கழுத்து: ஆர்போரிஸ்ட் தேர்வு எழுதிய அனுபவம்

ஆர்போரிஸ்ட், அதாவது மரப் பராமரிப்பு வல்லுநர், தேர்வுக்கு விண்ணப்பிக்க மூன்று வருடம் முழுநேரமாக மர வேலை செய்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். நான் 18 வருடம் செய்திருந்தேன். காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். 2005இல், 19 வயதில், ஒரு கொந்தராக்டரிடம் கீழாளாகச் சேர்ந்தேன். மேலே இருப்பவர் வெட்டிப் போடும் கிளையை இழுத்து லோரியில் ஏற்றுவதுதான் வேலை. இரண்டு வருடத்தில் நானே கயிறு கட்டி ஏற ஆரம்பித்தேன். 2016இல், தொழில்களைப் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம்.மில் சொந்தப் பெயரில்லாமல் கடைப் பெயர் ஒன்றில் பதிந்துகொண்டு தனியாக வந்துவிட்டேன். வருடத்துக்கு 60 ரிங்கிட் கட்டணம். ஒரு பழைய லோரி, இரண்டு செயின் சா, இரண்டு ஆட்கள்.

2022 கடைசியில் ஒரு கொண்டோமினிய நிர்வாகம் அவர்கள் வளாகத்து மரங்களைப் பார்க்கக் கூப்பிட்டது. 30க்கு மேல் மரங்கள், நல்ல வேலை. விலை பேசி முடித்த பிறகு, “அறிக்கையில் சான்றிதழ் பெற்ற ஆர்போரிஸ்ட் கையெழுத்துப் போட வேண்டும், உங்களிடம் இருக்கிறதா?” என்று கேட்டார்கள். இல்லை. வேலை கை விட்டுப் போனது. வீட்டுக்கு வரும் வழியில் லோரி ஓட்டிக்கொண்டே முடிவு செய்தேன், எழுதிவிடுவது என்று.

ஐ.எஸ்.ஏ. என்கிற அனைத்துலக மரவளர்ப்புச் சங்கம் நடத்தும் தேர்வு அது. விண்ணப்பிக்கக் குறைந்தது மூன்று வருட முழுநேர அனுபவம் வேண்டும், அல்லது படிப்பும் அனுபவமும் சேர்ந்து இருக்க வேண்டும். எனக்குப் படிப்பு எஸ்.பி.எம்., அதாவது ஐந்தாம் படிவம், வரைதான். ஆக, அனுபவத்தைத் தாளில் காட்டியாக வேண்டும்.

முதலில் என் பழைய முதலாளியிடம் போனேன். 11 வருடம் அவரிடம் இருந்தேன், தினக்கூலி, எல்லாம் கையில் ரொக்கம். சம்பளச் சீட்டு கிடையாது, சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதியும் கிடையாது. “அண்ணே, இந்த வருடத்திலிருந்து இந்த வருடம்வரை வேலை பார்த்தான் என்று ஒரு கடிதம் போதும்” என்றேன். பார்க்கலாம் என்றார். இரண்டாம் முறை போனபோது முடியாது என்று சொல்லிவிட்டார். கடிதம் கொடுத்தால், அத்தனை வருடம் சந்தா கட்டாதது வெளியே வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது. 11 வருடம் அவர் சொன்ன மரத்தில் எல்லாம் ஏறியிருக்கிறேன்.

அப்புறம்தான் விதிமுறையை முழுசாகப் படித்தேன். சொந்தத் தொழில் செய்பவர்கள் தொழில் பதிவு, வாடிக்கையாளருக்குக் கொடுத்த பில் ஆகியவற்றைக் காட்டலாம் என்று இருந்தது. இதைப் படிக்காமலேயே இரண்டு மாதம் முதலாளி வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு தேர்வு எழுத நினைக்கிறவர்கள் முதலில் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

என் பில் புத்தகங்களில் பாதியைக் கறையான் அரித்திருந்தது. மீதியை எடுத்துத் தேதி வாரியாக அடுக்கினேன். விடுபட்ட மாதங்களுக்கு, பழைய வாடிக்கையாளர்களிடம் போய் அவர்களிடம் இருந்த பிரதிகளைக் கேட்டேன். ஒரு தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கிராணியம்மா கோப்பைத் தேடி, நான் மறந்தே போன இரண்டு பில்களை எடுத்துக் கொடுத்தார். ஒரு சீனக் கோயில் நிர்வாகி தானாகவே ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். எல்லாம் சேர மூன்று மாதம் ஆனது.

படிப்பு அதைவிடப் பெரிய மலை. புத்தகம் ஆங்கிலம், நான் எழுத வேண்டிய தேர்வும் ஆங்கிலம். பத்துப் பிரிவுகள்: மர உயிரியல், மரங்களை அடையாளம் காண்பது, மண், நடவு, கிளை கழித்தல், நோய் பார்ப்பது, கட்டுமான இடத்து மரங்கள், ஆபத்து மதிப்பீடு, வேலைப் பாதுகாப்பு, நகர மரங்கள். காலை ஏழு மணிக்கு மரத்தில் இருப்பேன். கோலாலம்பூரில் மாலை மழையும் இடியும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதனால் இரண்டு மணிக்குள் கயிறு இறக்கிவிடுவோம். குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்காருவேன். மகள் அப்போது நான்காம் படிவம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். புரியாத சொல்லுக்குக் கீழே கோடு போட்டு வைப்பேன், அவள் தன் வீட்டுப்பாடத்தை முடித்த பிறகு சொல்லித் தருவாள்.

கிளை கழிக்கும் பாடத்தில்தான் நான் அப்படியே நின்றுவிட்டேன்.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு வீக்கம் இருக்கும், சட்டைக் கழுத்துப் பட்டி மாதிரி சுற்றி வரும். எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன், தினமும் வெட்டி எறிந்திருக்கிறேன். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் தண்டோடு ஒட்ட வெட்டச் சொன்னார். கையால் தடவினால் வழுவழுவென்று இருக்க வேண்டும், அதுதான் சுத்தமான வேலை. மேலே தார் பூசிவிடுவோம். வீட்டுக்காரரும் பார்த்துச் சந்தோஷப்படுவார்.

புத்தகம் சொன்னது வேறு. மரத்தின் காயம் நம் தோல் மாதிரி ஆறுவதில்லை. கெட்டுப்போன திசு கெட்டதுதான். மரம் செய்வதெல்லாம் அந்த இடத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, அழுகல் மேலே பரவாமல் அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்வது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின் சாவால் நீளவாக்கில் பிளந்து பார்த்து, 1970களில் இதை விளக்கியிருக்கிறார். அந்தத் தடுப்புக்கு வேண்டிய சரக்கு இருப்பதே அந்தக் கழுத்தில்தான். அதை நான் வெட்டி எடுத்துவிட்டால், கதவைப் பெயர்த்துவிட்டு வீட்டைத் திறந்து போட்ட மாதிரி. தார் பூசினாலும் அழுகல் நிற்காது.

சரியான வெட்டு மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு பாதி வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது, அதில் கிளையின் பாரம் விழுந்துவிடும், பட்டை உரியாது. மிச்சமிருக்கும் குட்டைக் கட்டையைக் கழுத்துக்கு வெளியே, கழுத்தைத் தொடாமல், மூன்றாவது வெட்டு.

இதை மகளிடம் படம் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் மெல்லிய ஓர் அடுக்கு, கேம்பியம், புதுப் பட்டையும் புது மரமும் அதிலிருந்துதான் வரும் என்று அவள் வாசித்தாள். வாசித்துவிட்டு நிமிர்ந்து, “அப்பா, இது தாத்தா சொல்றதுதானே?” என்றாள்.

அப்பா பத்தாங் பெர்ஜுந்தையில், இப்போது பெஸ்தாரி ஜெயா, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே தன் மர வரிசைக்கு, நிரைக்கு, போய்விடுவார், அப்போதுதான் பால் நன்றாக ஓடும். பள்ளி விடுமுறையில் நானும் பால் பிடிக்கும் மங்கைத் துடைக்கக் கூடப் போவேன். “பட்டையச் சீவு, மரத்தத் தொடாதே” என்று அவர் சொல்வது காதிலேயே இருக்கிறது. கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வந்து காயத்தை எண்ணுவார். கேம்பியம் என்ற சொல் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் அதைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுச் சீவ அவர் கைக்குத் தெரியும். அவர் மகன் நான் செயின் சாவை எடுத்துக்கொண்டு 18 வருடம் காயமாகவே போட்டிருக்கிறேன். அன்று இரவு அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

மொட்டையடிப்பதும் அப்படித்தான். நம் ஊரில் வீட்டுக்காரர் கேட்பது அதைத்தான். “போத்தாக் செய்துவிடுங்கள்” என்பார்கள் மலாயில், நம்மவர்கள் “மொட்டையடிச்சுடுங்க தம்பி, பயமா இருக்கு” என்பார்கள். அங்சானா மரத்தை மொட்டையடித்தால் ஒரே வருடத்தில் வெட்டிய நுனியைச் சுற்றிக் கொத்தாகக் கிளை விடும். பார்க்கப் பச்சையாக, செழிப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கிளைகள் உள்மரத்தோடு வேர்பிடித்த மாதிரி சேர்ந்தவை அல்ல, மேல்பட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டவை. அடியில் வெட்டு வாய் அழுகிக்கொண்டிருக்கும். நாலைந்து வருடத்தில் கிளை கனத்ததும் ஒரு காற்றுக்கு முறிந்து விழும். பயத்தைப் போக்க என்று செய்த வேலைதான் பிறகு ஆபத்தாகிறது. நான் மொட்டையடித்த மரங்கள் எந்தெந்தத் தாமானில், குடியிருப்பில், நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். தேர்வு முடிந்த பிறகு அவற்றில் சிலவற்றை நானாகவே போய்ப் பார்த்தேன். இரண்டு வீட்டில் கூலி வாங்காமல் கிளைகளைத் தேர்ந்தெடுத்துக் கழித்துக் கொடுத்தேன்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம், விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரம் போதும். சிரமம் என்னவென்றால் பல கேள்விகள் குளிர்நாட்டு மரங்களை மனசில் வைத்துக் கேட்கப்படுபவை. ஓக், மேப்பிள், உறைபனி, இலையுதிர்காலம். நமக்கு வருடம் முழுக்க மழையும் வெயிலும். தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலை மூடுவதைத் தெரிந்து வைத்திருக்கிறேன், மலாய்க்காரர்கள் அதைப் ‘புக்குல் லீமா’ என்றே சொல்வார்கள், ஐந்து மணி மரம். அது தேர்வுக்கு உதவாது. ஓக் மரத்தை ஒரு முறைகூடப் பார்க்காமல் ஓக்கைப் பற்றிப் படித்தேன்.

முதல் முறை தேறவில்லை. எந்தப் பிரிவில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிறார்கள், அது பெரிய உதவி. பாதுகாப்பிலும் கிளை கழிப்பதிலும் நல்ல மதிப்பெண். மண்ணிலும் கட்டுமானத்திலும் விழுந்திருந்தேன். மரத்தின் மேலேயே வாழ்ந்தவனுக்குக் கீழே இருப்பது தெரியவில்லை. மரம் எவ்வளவு உயரமோ வேர் அவ்வளவு ஆழம் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், இரண்டு அடிக்குள்ளேயே, கிளைப் பரப்பைத் தாண்டியும் பக்கவாட்டில் ஓடுகின்றன. லோரி ஏறி இறங்கி மண் இறுகினாலே வேருக்கு மூச்சு முட்டும். தண்டைச் சுற்றிச் சிமெண்ட் போட்டு, கல் பதித்து, அழகாக இருக்கிறது என்று நாம் நினைக்கும் மரம் சாகத் தொடங்கியிருக்கும். அதற்குப் பிறகு எந்த மரத்துக்குப் போனாலும் முதலில் அடியைச் சுற்றி நடக்கிறேன். மண் வெடித்திருக்கிறதா, அடியில் காளான் முளைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தலையைத் தூக்குவேன்.

இரண்டாம் முறை, 2023 கடைசியில், தேறினேன். வீட்டில் மகள்தான் முதலில் கத்தினாள்.

2024 மே 7ஆம் தேதி ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். காரில் இருந்த ஒருவர் இறந்தார், 17 வாகனங்கள் நசுங்கின, மோனோரயில் பாதையிலும் விழுந்தது. அடுத்த நாளிலிருந்து என் தொலைபேசி ஓயவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றே: வெட்டிவிடுங்கள். முன்னால் என்றால் சந்தோஷமாகப் போய் வெட்டியிருப்பேன், காசும் வந்திருக்கும். இப்போது போய்ப் பார்க்கிறேன். வெட்ட வேண்டிய மரம் இருந்தது, அதைச் சொன்னேன். பல மரங்களுக்குக் காய்ந்த கிளையை எடுத்தால் போதும். சாலையோர மரம் என்றால் மாநகர் மன்றத்துக்குச் சொல்லுங்கள் என்றேன். பெட்டாலிங் ஜெயா பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு, உங்கள் நிலத்து மரமே ஆனாலும் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டினால் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 172இன்படி எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், செத்த மரத்துக்கும் உடனடி ஆபத்தான மரத்துக்கும் விலக்கு உண்டு என்று விளக்கினேன். சிலர் எரிச்சலோடு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். அந்த ஆள் வெட்டியும் போட்டார். அதைத் தடுக்க என்னால் முடியவில்லை.

சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான். அதற்குள் 30 மணி அளவுக்குத் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தேர்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்குப் போய் வருகிறேன். கூலியும் கொஞ்சம் கூட்டிக் கேட்க முடிகிறது.

என் ஆட்கள் இருவரையும் சொக்சோவில் பதிந்திருக்கிறேன். ஒரே ஓர் ஆளை வைத்திருந்தாலும் பதிய வேண்டும், மரத்தில் ஏறுகிறவனுக்கு அது இல்லாமல் எப்படி? அவர்களில் இளையவன் என்னிடம் ஐந்து வருடமாக இருக்கிறான், நன்றாக ஏறுவான், கழுத்தைத் தொடாமல் வெட்டுவான். போன மாதம் தயங்கித் தயங்கி, “அண்ணே, நானும் எழுதலாமா?” என்று கேட்டான். சேர்ந்த நாள், செய்த வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எல்லாம் போட்டு அன்றைக்கே கடிதம் அடித்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தேன். பழைய பில் புத்தகங்களும் இப்போது மூடியுள்ள டப்பாவில் இருக்கின்றன, அவற்றிலிருந்தும் பிரதி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.