தேத்தண்ணியும் தலைமுடியும்

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் எனக்கு டிங்கிக் காய்ச்சல். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. உடம்பு தேறி, வேலைக்கும் திரும்பியாகிவிட்டது. சுங்கை சிப்புட் டவுனே தைப்பூசப் பேச்சில் இருந்த நேரத்தில்தான் முடி கொட்ட ஆரம்பித்தது.

சும்மா கொட்டவில்லை. குளிக்கும் அறையில் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்துக்கொண்டு கோழிமுட்டை அளவுக்கு ஓர் உருண்டை. அதை எடுத்துப் பிழிந்து குப்பையில் போடும்போது கை நடுங்கியது. அடுத்த நாளும் அதே அளவு.

அம்மா செம்பருத்தியும் கருவேப்பிலையும் போட்டுத் தேங்காயெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். நான் அறுபது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, முடிக்கு நல்லது என்று விற்கும் பயோட்டின் வைட்டமின் மிட்டாய் வாங்கினேன். ஒரு மாசம் ஆகியும் உருண்டை சிறுக்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளி கட்டணம் கட்டி அரசாங்க கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் சின்னப் பெண், நம் பிள்ளைதான். பொறுமையாகச் சொன்னார். கடுமையான காய்ச்சல் வந்தால் நிறைய முடி ஒரே நேரத்தில் வளர்வதை நிறுத்திக்கொள்ளுமாம். நிறுத்திய முடி உடனே விழாது, இரண்டு மூன்று மாசம் கழித்துத்தான் விழும். ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது எல்லாருக்கும் உள்ளதுதான், இது அதைவிட அதிகம். பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவதும் இப்படித்தானாம். சரி, தானாக நிற்கும் என்று எழுந்திரிக்கப் போனேன்.

"இருங்க அக்கா, இரத்தம் பார்த்திடலாம். அந்த மிட்டாயை மட்டும் முதல்ல நிறுத்துங்க" என்றார். பயோட்டின் அதிகமானால் சில இரத்தப் பரிசோதனை முடிவுகளே தப்பாக வருமாம். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எனக்கு மிகக் குறைவாக இருந்தது.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"ரொட்டி சானாய், தேத்தண்ணி."

"மத்தியானம்?"

"சோறு, கீரை, குழம்பு. கையோட ஒரு தேத்தண்ணி."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடம்பு இழுப்பதே கொஞ்சம்தான். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அதிலுள்ள துவர்ப்புச் சத்து அந்தக் கொஞ்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரம் நிற்கிறது, வாரம் மூன்று நாள் கீரை ஆய்கிறேன். ஆய்ந்ததில் எவ்வளவு வீணாய்ப் போயிருக்கும் என்று நினைத்தால் இன்னும் வயிறெரிகிறது.

அவர் கொடுத்த இரும்பு மாத்திரையைத் தவறாமல் போட்டேன். தேத்தண்ணியை விடவில்லை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன். முருங்கைக்கீரைப் பொரியலில் இறக்கும்போது நெத்திலி போட்டு, மேலே இரண்டு லீமாவ் கஸ்தூரி, அந்தக் குட்டி எலுமிச்சை, பிழிகிறேன். அந்தப் புளிப்பிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக் கொடுக்கும். பீடோர் பக்கம் போகிறவர்களிடம் கொய்யா வாங்கி வரச் சொல்கிறேன், அதில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி. சந்தையில் கெராங் சிப்பி நல்லதாக இருந்தால் அதுவும் உண்டு, நன்றாக வேகவைத்து.

முடி என்பதே புரதம்தான். என் எடை அறுபது கிலோ, ஒரு நாளைக்குக் குறைந்தது 48 கிராம் புரதம் வேண்டும். ரொட்டி சானாயில் அதற்கு எங்கே போவது? இப்போது காலையில் இரண்டு அவித்த முட்டை, அதிலேயே 12 கிராம் வந்துவிடுகிறது. மத்தியானம் மீன், ராத்திரி தெம்பே (புளிக்கவைத்த சோயா) அல்லது பருப்பு.

அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்துச் சாப்பாடுதான் நல்ல சாப்பாடு என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அம்மா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடி, வெறும் வயிற்றில் தேத்தண்ணியோடு பால்மரம் வெட்டியவர். சோகையோடுதான் எங்களைப் பெற்றார். அவருடைய நீளக் கொண்டையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியாது.

ஏப்ரலில் கொட்டுவது குறைந்தது. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதனால் கண்ணாடியைப் பார்ப்பதையே கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தேன். இப்போது நெற்றி ஓரத்தில் விரல் நீளத்துக்குப் புது முடி குத்திட்டு நிற்கிறது. எங்காவது கிளம்பும்போதெல்லாம் அம்மா எண்ணெய் தொட்டு அதைப் படிய வைக்க வருகிறார். நான் விடுவதில்லை.