பாம்பன், 1:87

டிசம்பர் 4, வியாழன்
மழை விட்டும், பாம்பன் ரயில் பாலத்தை 87இல் ஒரு பங்கு மாடலாக நாங்கள் செய்யும் ஷெட்டில் ஈரம் போகவில்லை. இரண்டாவது பலகையின் பிளைவுட் ஓரம் உப்பிவிட்டது. மூன்றாவதோடு சேரும் இடத்தில் தண்டவாளம் அரை நூல் தூக்கி நிற்கிறது. பாசஞ்சர் எப்படியோ கடந்துவிடுகிறது, கூட்ஸ் கவிழ்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும் ஹெச்.எம். சாரிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு.

டிசம்பர் 7, ஞாயிறு
எல்லோரும் வந்தார்கள், அதனால் வேலை நடக்கவில்லை. பாலத்துக்கு எத்தனை கண் வைப்பது என்று மதியம் வரை சண்டை. நிஜப் பழைய பாலத்தில் தூக்குப்பாலம் போக 145 கண். அப்படியே செய்தால் 24 மீட்டர் வரும், கண்காட்சி ஹாலில் நமக்குக் கொடுத்திருப்பது ஆறு. சரி, கண்களை வெட்டலாம். ஆனால் நடுவில் இருக்கும் தூக்கையும் "கொஞ்சம் சுருக்கலாமே" என்றார் ஒருவர். 225 அடி, நம் கணக்கில் 79 சென்டிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர்கூட விடமாட்டேன். ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் வந்து நின்றால் போதும், மானம் போய்விடும்.

டிசம்பர் 9
தூக்கு மூடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி சர்வோ மோட்டார். ஒன்று இறங்கி உட்கார்ந்த பிறகுதான் மற்றது வருகிறது, நுனி இடிக்கிறது. நிஜத்தில் ஆட்கள் கையால்தான் சுற்றித் தூக்கினார்கள், நமக்கு எதற்கு மோட்டார் என்று சார் முதலிலேயே சொன்னார். யார் கேட்டார்கள்?

ராத்திரி சாரிடமிருந்து போன். "இறங்குதா?"
"இறங்குது சார்."
"ரெண்டும் ஒண்ணாவா?"
அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார்.

டிசம்பர் 10
இறங்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு
சின்னவன் தன் பிராட்கேஜ் எஞ்சினைக் கொண்டுவந்து, பாலத்தில் இதை ஓட்டலாம், ஜனங்களுக்கு இதுதான் தெரியும் என்கிறான். 2007க்கு முன் அங்கே ஒரு மீட்டர் அகல மீட்டர்கேஜ்தானடா. அது போகட்டும். நம் பிராட்கேஜ் 1676 மி.மீ., 87ஆல் வகுத்தால் 19க்கு மேல். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5. ஒல்லிக்காலில் நிற்கும் யானை. மீட்டர்கேஜுக்கு 11.5 வேண்டும், 12 கிடைக்கிறது. அரை மில்லிமீட்டரோடு குடும்பம் நடத்தலாம். மீட்டர்கேஜ் டீசல் எஞ்சினான ஒய்.டி.எம்.4 தான் ஓடும்.

டிசம்பர் 17
ஆபரேஷன் வெள்ளிக்கிழமையாம். சர்வோ இரண்டையும் கழற்றிவிட்டேன்.

டிசம்பர் 19, வெள்ளி
பலகைக்கு அடியில் ஒரே தண்டு, இரு முனையிலும் வார்ம் கியர், வெளியே ஒரு கைப்பிடி. சுற்றினால் இரண்டும் ஒன்றாக ஏறுகின்றன, ஒன்றாக இறங்குகின்றன. தூக்கு முழுசாக உட்காராத வரை முன்னால் 30 சென்டிமீட்டர் தண்டவாளத்துக்குக் கரண்ட் போகாதபடி மைக்ரோ ஸ்விட்ச் வைத்தாயிற்று. கூட்ஸும் கடந்தது.

சாயங்காலம் வரை அங்கே யாரும் போன் எடுக்கவில்லை.

டிசம்பர் 20
எடுக்கவில்லை. தண்டவாளம் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

டிசம்பர் 22
1964 புயலையும் காட்டலாமாம், அதில் கடல் கொண்டுபோன ரயிலின் நீராவி எஞ்சினும் ஆறு பெட்டியும் செய்து. காட்டி? 126 கர்டர் கடலுக்குள் போனதையும், தூக்கு மட்டும் தப்பியதையும், எஞ்சினியர் ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தை மீட்டதையும் போர்டில் எழுதலாம். அந்த வண்டியைப் பொம்மையாக ஓட்ட என்னால் முடியாது. கோபமாகத்தான் பேசிவிட்டேன். பேசியது சரிதான்.

டிசம்பர் 24
டெம்போ நாளைக் காலை ஐந்தரைக்கு. தூக்கு கடைசியில் ஏற வேண்டும், முதலில் இறங்க வேண்டும். சார் மகள் பேசினாள். கண்விழித்ததும் மூக்குக்கண்ணாடி கேட்டாராம். கைப்பிடி வலப்பக்கம் சுற்றினால் ஏறுமா, இறங்குமா என்று கேட்கச் சொன்னாராம். வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், ஷெட் சாவி யாரிடம் இருக்கிறது என்று