கால் இடிக்குதுன்னு சீட்டை திருப்பிடாதீங்க

அம்மா வீடு சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக்குள்ள, செம்பனைக்கு நடுவுல செம்மண் ரோடு, ஒரே குழி. போன வாரம் போனப்போ காடி பின்சீட்டுல, பின்னாடி பார்த்து வச்ச சைல்ட் சீட்டுல பாப்பா உக்காந்திருக்கிறதை அம்மா பார்த்துட்டு "புள்ளைக்கு காலு மடங்கி இடிக்குதேம்மா, முன்னாடி பார்த்து உக்கார வையேன்"னாங்க.

மனசு கேக்கல, ராத்திரியே சீட்டோட மேனுவலை எடுத்து முழுசா படிச்சேன். கால் இடிக்கிறது கணக்கே இல்லைங்க, புள்ளைங்க அதுங்களா மடக்கி வச்சிக்கும். பார்க்க வேண்டியது தலையைத்தான், உச்சிக்கு மேல சீட்டு ஓடு 2.5 சென்டிமீட்டராச்சும் மிச்சம் இருக்கணும், இல்லன்னா அந்த சீட்டு முடிஞ்சிருச்சு. அப்புறம் வெயிட்டு, எங்க சீட்டுக்கு 13 கிலோ வரைக்கும். பாப்பா 9 கிலோதான், ஆனா தலை விளிம்புகிட்ட வந்துருச்சு, வெயிட்டை மட்டும் பார்த்திருந்தா கவனிச்சே இருக்க மாட்டேன்.

மாத்தத்தான் போறோம், ஆனா முன்னாடி திருப்பல. பெரிய கன்வர்ட்டிபிள் சீட்டு (பின்னாடி, முன்னாடி ரெண்டு பக்கமும் பார்த்து வைக்கக்கூடியது) வாங்கி பின்னாடி பார்த்தே வைப்போம், ஐ-சைஸ்ங்கிற பாதுகாப்பு தரத்துல வர்ற சீட்டுன்னா 15 மாசம் வரைக்கும் அப்படித்தான் வைக்கணும். இந்த வயசுல தலை கனம், கழுத்துல பலம் இல்ல, முன்னாடி மோதினா முதுகு பக்கம் சீட்டே தாங்கிக்கும்.

2020 ஜனவரி 1-லேருந்து நம்ம மலேசியாவுல சைல்ட் சீட்டு சட்டம், இன்னும் "தோட்டத்து ரோடுதானே, மடியில வச்சிக்கலாம்"னு சொல்றாங்க. நான் விடமாட்டேன், அம்மா கோவிச்சிக்கிட்டாலும் சரி.