சிவிக் கோடுகள்: ஐந்தாம் தலைமுறை வரை வரைந்தாயிற்று

ஹோண்டா சிவிக் காரின் பக்கவாட்டுத் தோற்றத்தைத் தலைமுறை வாரியாக 1:20 அளவில் டிரேசிங் தாளில் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலை போய்க்கொண்டிருக்கிறது. ஹேட்ச்பேக் மட்டும்தான். செடான், வேகன் எல்லாம் சேர்த்தால் இந்த ஜென்மத்தில் முடியாது. எல்லாத் தாளிலும் முன் சக்கரத்தின் மையம் ஒரே புள்ளியில் இருக்கும். அப்போதுதான் வண்டி எந்தப் பக்கம் வளர்ந்தது என்று தெரியும்.

1972-இல் வந்த முதல் சிவிக்கின் நீளம் 3,405 மி.மீ. தாளில் வெறும் 17 செ.மீ. இரண்டாவது அதையே ஊதிப் பெரிதாக்கியது மாதிரி இருக்கும், சீக்கிரம் முடிந்துவிட்டது. 1983-இல் வந்த மூன்றாவதுதான் வேறு வண்டி. கூரை பின்னால் வரை நீண்டு, சட்டென்று நின்றுவிடுகிறது. வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 2,380 மி.மீ., முதலாவதன்மேல் வைத்தால் பின் சக்கரம் 9 மி.மீ. தள்ளிப்போகிறது.

அதிக நேரம் வாங்கியது 1987-இன் நான்காவது. பானெட் அவ்வளவு தாழ்வு. மூன்றாவதிலேயே முன்பக்கக் காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) போட்டுப் பானெட்டை இறக்கப் பார்த்திருந்தார்கள். நான்காவதில் நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன், அதாவது மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன். பானெட் கோடு ஏறக்குறைய நேராகப் போய்க் கண்ணாடியின் அடியில்தான் லேசாக நிமிர்கிறது. அந்த இடத்தில் அரை மில்லிமீட்டர் தூக்கினாலும் முகமே மாறிவிடும். என்னைக் கேட்டால் சிவிக் வரிசையிலேயே அழகான கோடு இதுதான்.

1991-இன் ஐந்தாவதில் பின்கதவு இரண்டு துண்டு: கண்ணாடி மேலே தூக்கும், அடிப்பாகம் கீழே இறங்கும். அதைப் புள்ளிக்கோட்டில் காட்டியிருக்கிறேன்.

இதற்கு நடுவே அகலங்களை மட்டும் தனித் தாளில் போட்டுப் பார்த்தேன். முதலாவது 1,505. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் 1,695-இல் அப்படியே நிற்கின்றன. ஜப்பானில் 1,700-ஐத் தாண்டினால் வண்டி சிறிய கார் வகையிலிருந்து வெளியே போய்விடும், அதனால்தான். அந்த 5 மி.மீ. இடைவெளி தாளில் என் 0.3 பேனாக் கோட்டுக்குள்ளேயே மறைந்துபோகிறது! 2005-இன் எட்டாவது, அதாவது அடுத்த வருடம் இந்தியாவுக்கு வந்த அந்தச் செடான், 1,755-க்குப் போய்விட்டது.

அப்படியானால் சின்ன சிவிக் எங்கே போனது? சந்தேகத்தில் 2001-இன் ஹோண்டா ஃபிட்டை, அதாவது பிற்பாடு நம் ஊரில் ஜாஸ் என்று விற்ற வண்டியின் முதல் தலைமுறையை, வரைந்து மூன்றாவது சிவிக்கின்மேல் வைத்தேன். நீளம் ஃபிட் 3,830, சிவிக் 3,810. தாளில் ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். உயரத்தில்தான் ஃபிட் எக்கச்சக்கமாக நிமிர்ந்து நிற்கிறது.

சரி, அடுத்தது ஆறாவது. 1997-இன் டைப் ஆர் என்ற வேக ரகத்தின் வடிவத்தை வரைவதாகத்தான் எண்ணம். பின் இறக்கையை இதே தாளில் சேர்ப்பதா, தனித் தாளில் போடுவதா என்று பார்க்க வேண்டும். ஏழாவதில் முன்பக்கம் மறுபடி ஸ்ட்ரட்டுக்கு (ஷாக் அப்சார்பரே உயரமான தூண்போல் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு) மாறியதால் பானெட் எவ்வளவு ஏறியது என்பதை நான்காவதோடு வைத்துப் பார்க்கத்தான் அவசரம்.